பாலாற்றில் தண்ணீர் ஓடிய கதை

1

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்தேன். வெளியே ஏழு டிகிரி. பால் காய்ச்சி, காபி போட்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து நாட்குறிப்பில் தேதியையும் வெப்பநிலையையும் எழுதினேன். ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்தில் தொடங்கிய பழக்கம் இது. பிறகு காலிப் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் காசு திருப்பித் தரும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, ரொட்டியும் உருளைக்கிழங்கும் தயிரும் வாங்கி வந்தேன்.

இந்த வாரம் மாடிப்படி துடைக்கும் முறை எங்கள் வீட்டுடையது. துடைத்து முடித்ததும் கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது படியில் ஈரம் நிற்கிறது, யாராவது வழுக்கி விழுவார்கள் என்றார். வணக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் மறுபடியும் துடைத்தேன். அவர் பார்த்துவிட்டு, இப்போது சரி என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் சாம்பார், பீன்ஸ் பொரியல். இரண்டு மணிக்கு இஸ்திரிப் பலகையை விரித்தேன். துணி தேய்க்கும்போது ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து ஏதாவது கேட்பது வழக்கம். அன்று ஃபோன் தானாகவே ஒரு காணொளியைக் கொண்டுவந்து காட்டியது. ஆம்பூரில் ஒரு நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். அதன் செப்டம்பர் மாதக் கூட்டம். பேச்சு, கதை எழுதக் கற்றுக்கொள்வது பற்றி. பேசியது நசீமா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கூட்டத்தின் பதிவு சரியாக வரவில்லை, சத்தமே விழவில்லை என்று நசீமா போன சனிக்கிழமைதான் என்னிடம் சொல்லியிருந்தாள். இதில் சத்தம் தெளிவாக இருந்தது. மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது.

2

நசீமா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் ஊர் ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றின் அந்தப் பக்கம். அவளுடைய அப்பா எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் ஒரே ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் மேல்தோலைத் தைக்கும் பிரிவில். நான் செக்கிங்கில். அவள் தைத்து அனுப்புவாள், நான் தையல் கோணலாக இருப்பதைச் சாக்பீஸால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன்.

"என் தையல்ல குத்தம் கண்டுபுடிக்கறதுக்குன்னே உங்கம்மா உன்ன பெத்துச்சா?" என்று மெஷினுக்குப் பின்னாலிருந்து கேட்பாள். கேட்டுவிட்டுப் பிரித்துத் தைப்பாள். ஆறு மாதத்தில் அந்த வரிசையில் அவள் தையல்தான் நேராக இருந்தது.

கம்பெனி பஸ் ஆற்றின் அக்கரையில் நிற்கும். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பஸ் போய்விடும். அதனால் ஆற்றுக்குள் இறங்கி மணலில் நடப்போம். மணல் புகுந்தால் செருப்பு இழுக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம். நூலகத்திலிருந்து எடுத்து முந்தின ராத்திரி படித்த கதையை அந்த மணலில்தான் நசீமா எனக்குச் சொல்வாள். பஸ் ஏறுவதற்குள் கதையை முடித்துவிடுவாள். முடியாத கதையாக இருந்தால், முடிவை அவளே செய்துவிடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எங்கள் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாதது. வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆள், வருகிறார் என்றால், முதல்நாளே தரையைக் கழுவி, எல்லோருக்கும் புது ஏப்ரன் கொடுத்துவிடுவார்கள். வாசலுக்கு நேராக ஒரு மேசை போட்டு, இருப்பதிலேயே நல்ல ஜோடிகளைத் துடைத்து, நாடாவைச் சமமாகக் கட்டி, மூக்கெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்குவார்கள். கோணலானதும் பசை வழிந்ததும் அட்டைப் பெட்டிகளில் ஜெனரேட்டர் அறைக்குப் போய்விடும். பையர் என்ன கேட்டாலும் "நோ ப்ராப்ளம் சார்" என்பதுதான் பதில். இதை ஏமாற்று என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவது போலத்தான்.

3

திருமணத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். என் கணவர் ஷூ தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஷூ தைத்த ஊராம். இப்போது தைப்பது குறைவு, கிடங்குகள்தான் அதிகம். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் ஷூக்கள் வந்து சேரும் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. பெட்டியைத் திறப்பேன், அடிப்பாகத்தைப் பார்ப்பேன், வளைத்துப் பார்ப்பேன், மறுபடி விற்கலாமா கூடாதா என்று முடிவு செய்வேன். பல பெட்டிகளில் ஆம்பூரில் தைத்தது வரும். பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் எது கேட்டாலும் "நோ ப்ராப்ளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை, ஒரு லாரிச் சரக்கு பார்த்து முடிந்ததா என்று கேட்டார். நோ ப்ராப்ளம் என்றேன். முடியவில்லை. அவர் என்னை நிறுத்தி வைத்து, முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள், உங்கள் பேச்சை நம்பி லாரியை அனுப்பச் சொல்லிவிட்டேன் என்றார். சத்தம் போடவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

குடியுரிமைக்கு முன் எழுத வேண்டிய மொழித் தேர்வுக்காக மாலை வகுப்புக்குப் போனேன். 'என் அன்றாட வாழ்க்கை' என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை சிவப்பு மையில் கீழே இரண்டே வாக்கியம் எழுதியிருந்தார். 'இதில் உங்களைக் காணவில்லை. மறுபடி எழுதுங்கள்.' பஸ்ஸில் வரும்போது அழுதேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் திருப்பிக் கொடுத்தார். நான்காவது முறை வாங்கிக்கொண்டார். குடியுரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தபோதும் அப்படித்தான். ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று முழுக் கட்டையும் என் பக்கம் தள்ளினாள் அங்கிருந்த பெண். அடுத்த சந்திப்புக்கு நேரம் வாங்க இரண்டு மாதம் ஆனது. இங்கே 'இல்லை' என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. பழக வருடங்கள் ஆயின. ஆனால் பழகிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

கதை எழுதத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. என் மகள் நிவேதா பன்னிரண்டு வயதில் எனக்குத் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தினாள். சண்டை எதுவும் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கணவருக்குப் பாதி நாள் மாலை வேலை. அந்த மாலைகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எழுதிய முதல் கதையை யாருக்கு அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை; நசீமாவுக்குத்தான் அனுப்பினேன். அவள் அதற்குள் தையலை விட்டு, அஞ்சல்வழியில் படித்து, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். சிறுபத்திரிகைகளில் அவளுடைய கதைகள் வந்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் எனக்கு நான்கு மணி, அவளுக்கு ஏழரை மணி, குளிர்காலத்தில் எட்டரை. கதை அனுப்பியிருந்தால் அதைப் பற்றிப் பேசுவோம். "சூப்பர் எஸ்தரு. அப்டியே கண்ணு முன்னாடி தெரியுது" என்பாள். மாற்ற ஏதாவது இருக்கிறதா என்றால், ஒரு இடத்தில் கால்புள்ளி வேண்டும் என்பாள். அவள் சொன்ன கால்புள்ளிகளை எல்லாம் போட்டேன்.

பன்னிரண்டு கதைகள் சேர்ந்தன. புத்தகமாகப் போடலாம் என்று சொன்னதும் அவள்தான். வேலூரில் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். முன்னுரையும் எழுதினாள். மெய்ப்பு எனக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் நான் சரி என்று சொன்னால் அச்சுக்குப் போகும். ஐம்பது வயதில் என் பெயர் போட்ட ஒரு புத்தகம்.

4

காணொளியில் ஒரு இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நசீமா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினாள். நான் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டே பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, நாம் எழுதியதில் எங்கே தப்பு என்று நமக்கே எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

நசீமா ஒரு தாளை எடுத்தாள். "என் தோஸ்த் ஒருத்தங்க. வெளிநாட்டுல இருக்கறாங்க, பேரு வேணாம். இந்த ஊர்ல பொறந்து வளந்தவங்கதான். கேளுங்க."

படித்தாள். 'பாலாறு தன் வெள்ளி அலைகளால் ஆம்பூரைத் தாலாட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது. அதன் குளிர்ந்த கரையில் அமர்ந்து மேகலா தன் எதிர்காலத்தை எண்ணிக் கண்ணீர் வடித்தாள்.'

என் புத்தகத்தின் முதல் கதை. முதல் இரண்டு வாக்கியங்கள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாலாற்றில் தண்ணீர் ஓடாது. மணல்தான், அதை அள்ள வரும் லாரிகளும்தான். எப்போதாவது பெருமழை பெய்து வெள்ளம் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்.

முதலில் ஒருவர் மட்டும் சிரித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "எந்த ஊரு பாலாறு மேடம்?" என்று கேட்டார். இன்னொருவர், "லாரி ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு எழுதியிருப்பாங்க. பிரின்ட்ல தப்பா வந்திருக்கும்" என்றார். அதன் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நசீமாவும் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். மணலில் நடக்கும்போது நான் ஏதாவது சொன்னால் அப்படித்தான் சிரிப்பாள்.

பிறகு கையைக் காட்டி அவர்களை அடக்கினாள். "சிரிக்கறதுக்காகப் படிக்கல. ஆத்துல தண்ணி இல்லன்னு இவங்களுக்குத் தெரியாதா? அந்த மணல்ல செருப்ப கைல புடிச்சுக்கிட்டு வேலைக்குப் போனவங்க. கூட நானும் போனேன். பேனாவ எடுத்ததும் மணலு மறந்துபோச்சு. கதைன்னா ஆறு ஓடணும்னு எங்கியோ படிச்சது ஞாபகம் வந்துடுச்சு."

தாளைத் திருப்பினாள். "இதுல வர்ற சூப்பர்வைசர் நல்லவரு. மாமியார் நல்லவங்க. ஒருத்தர்கூட ஒருத்தர்கிட்ட பொய் சொல்லல. பையர் வர்ற அன்னிக்கு டேபிள் மேல வெப்பாங்களே ஜோடி, அது மாதிரி எல்லாரும் ஒரே பக்கமா பாத்துக்கிட்டு நிக்கறாங்க. கெட்டுப்போன ஜோடியெல்லாம் எங்க? ஜெனரேட்டர் ரூம்லியா?"

அந்தக் கூட்டத்தில் ஷூ கம்பெனியோடு சம்பந்தமில்லாத குடும்பம் ஒன்றுகூட இருந்திருக்காது. அவ்வளவு பேரும் புரிந்து சிரித்தார்கள். கேள்வி கேட்ட பெண் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

கையிலிருந்த சட்டையைத் தேய்த்து முடித்து, மடித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன். பிறகு அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதில் மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு வருடத்தில் கற்றுக்கொள்ளாததைச் சில நிமிடங்களில் கற்றுக்கொண்டேன். ஆனால் அது எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொன்னது. நான் ஒட்டுக்கேட்டேன்.

5

நான்கு மணிவரை காத்திருந்தேன். நான்கு மணிக்குக் கூப்பிட்டேன்.

"வாடி. இன்னா சமையல்?" என்றாள் எப்போதும் போல.

செப்டம்பர் கூட்டம் பார்த்தேன் என்றேன். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"பேரு சொல்லல எஸ்தரு."

"ரெக்கார்டிங் வரலன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

"ஆறு வருஷமா சூப்பர்னு சொன்ன."

"நீ இன்னா கேட்ட? பாத்துட்டு ஓகேவா சொல்லுன்னு கேட்ட. எங்க கெட்டுப்போச்சுன்னு ஒரு தடவ கேட்டியா?"

கேட்டால்தான் சொல்ல வேண்டுமா, அவள் தைத்தது கோணல் என்று நான் அவளைக் கேட்டுவிட்டா சொன்னேன் என்றேன். என் குரல் உயர்ந்திருந்தது. நிவேதாவின் அறைக் கதவு திறந்து மூடியது.

நசீமா தன் பக்கக் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தக் காலேஜ் பொண்ணு இங்க இருக்கறா. அழுதான்னா கீழ கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுப்பேன். நீ ஃபோன வெச்சுட்டு அங்க தனியா உக்காந்து அழுதீன்னா நான் இன்னா பண்றது?"

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இளகவில்லை. அவள் உண்மையைத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் அழுவேனா மாட்டேனா என்பதை அவளே முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்து, ஆறு வருடம் என்னைப் பையருக்குப் போடும் அந்த மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள். பஸ்ஸில் அழுதுவிட்டு நான்கு முறை எழுதிக் கொடுத்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கதையையும் அவளிடம்தான் சொன்னேன்.

முன்னுரையில் எழுதியதும் பொய்யா என்று கேட்டேன்.

"முன்னுரைல யாருடி நெஜம் எழுதறாங்க?" என்றாள். சிரிக்க வைக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும், "புக்கு வந்தா நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன். அவ்ளோதான். பேஜார் பண்ணாத" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன். "பன்னெண்டுல எது தேறும்?"

"எஸ்தரு, விடு."

"செக்கிங்ல நிக்கறேன்னு வெச்சுக்கோ. சொல்லு."

"ஒண்ணு. அதுவும் பாதி. கடைசிக் கதைல ஒரு பொம்பள மெஷின் ஊசி கையில ஏறி, சத்தம் போடாம நின்னுக்கிட்டு இருப்பா பாரு, பையர் உள்ள வர்றாருன்னு. அந்த எடம். அதுக்கு மேல மறுபடியும் எல்லாரும் நல்லவங்களா ஆயிட்டாங்க."

வழக்கமாக "வெக்கட்டுமா?" என்று மூன்று தடவையாவது சொல்லிவிட்டுத்தான் வைப்போம். அன்று நான் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

6

இரவு உணவின்போது கணவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "பாலாறு ஓடுச்சுன்னா எழுதின?" என்று கேட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டார். முடியவில்லை, சிரித்துவிட்டார். ஆறு வருடமாக அந்தக் கதை இந்த வீட்டில்தான் இருக்கிறது. அவர் படித்ததில்லை என்று அன்று தெரிந்தது.

நிவேதா தயிரைக் கலந்துகொண்டே, "நான் சொன்னேன்" என்றாள். தமிழில் சொன்னாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள். "நாம ஊருக்குப் போனப்போ அங்க பசங்க கிரிக்கெட் ஆடினாங்க. ஆத்துக்குள்ள. நீ கதை படிச்சுக் காட்டினப்போ சொன்னேன். கதைல அப்படித்தான்னு நீ சொன்ன."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் அவள் இட்டுக்கட்டிச் சொல்லக்கூடியவள் இல்லை. தமிழில் இட்டுக்கட்டும் அளவுக்கு அவளுக்குத் தமிழும் வராது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எங்களை நீங்கள் எப்போது பையராக மாற்றினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது எனக்குத் தெரிந்தது, அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான். அதற்கிடையில் என் தம்பியிடம் பேசியபோதெல்லாம் அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றான். "உனக்குச் சொல்லி நீ அங்க இருந்து இன்னா பண்ணப்போற?" என்று பிறகு கேட்டான். நான் விடுமுறையில் வந்தால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கும். சண்டை போட்டுக்கொண்ட சித்தப்பாக்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வாங்கி வைத்திருப்பீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பீர்கள். மூன்று வாரம் கழித்து நான் விமானம் ஏறியதும் ஜெனரேட்டர் அறையைத் திறப்பீர்கள்.

நீங்கள் காட்டியதை வைத்துத்தான் நான் ஊரை எழுதினேன். நல்ல மாமியார், நல்ல சூப்பர்வைசர், ஓடும் ஆறு. அதைப் படித்துவிட்டு நீங்களே சிரிக்கிறீர்கள். எனக்கு மணல் தெரியும் என்று நசீமா சொன்னது சரிதான். அது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறைத் தவறு என்று சொல்ல ஊரில் எனக்கிருந்த ஒரே ஆள் அவள். என் கையிலிருந்த சாக்பீஸை நான் அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே சும்மா இருந்தாள்.

மாடிப்படியில் ஈரம் நிற்கிறது என்று சொன்ன கீழ்வீட்டுப் பெரியவரின் பெயர்ப்பலகையைத் தினமும் பார்க்கிறேன். அவரோடு ஒருநாளும் உட்கார்ந்து காபி குடித்ததில்லை. ஆனால் எனக்கு வேண்டியதை அவர் சொன்னார். நசீமா சொல்லவில்லை. சாமான்களைக் கழுவும்போது இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். நினைக்க நினைக்கக் கோபம் குறையவில்லை.

கழுவி முடித்ததும் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். புத்தகத்தை நிறுத்திவையுங்கள், காரணம் என்னுடையது, சிரமத்துக்கு மன்னியுங்கள். மூன்று வரி. கிடங்கில் சந்தேகமான சரக்கு வந்தால் பெட்டிமேல் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைப்போம். அதைப் போலத்தான் இதுவும். ஐம்பது வயதில் வரவேண்டிய புத்தகம் ஐம்பத்தைந்தில் வரலாம், வராமலும் போகலாம். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சரக்கை நிறுத்திவைக்க எனக்குத் தெரியும்.

படுக்கப் போகும்முன் ஃபோனில் நசீமாவிடமிருந்து ஒரு செய்தி இருந்தது. 'சாப்ட்டியா?' என்று மட்டும் கேட்டிருந்தாள். பதில் அனுப்பவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் பால் காய்ச்சவில்லை. நாட்குறிப்பில் தேதி போடவில்லை. வெளியே எத்தனை டிகிரி என்று பார்க்கவில்லை. கடைசிக் கதையை எடுத்து, கையில் ஊசி ஏறிய பெண் சத்தம் போடாமல் நிற்கும் பகுதியை மட்டும் படித்தேன். அவளுக்கு வலித்தது எனக்குத் தெரிந்தது. மற்ற பதினொரு கதைகளில் யாருக்கும் எங்கும் வலிக்கவில்லை.

முதல் கதையைத் திறந்து முதல் இரண்டு வாக்கியங்களை அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன். 'கம்பெனி பஸ் அக்கரையில் நிற்கும். இரண்டு பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் நடந்தார்கள்.'

ஒருத்தி போதும் என்று தோன்றியது. 'ஒரு பெண்' என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். அவள் பேச ஆளில்லாமல் நடந்தாள். பஸ் நிற்கும் இடம்வரை போவதற்குள் கதை நின்றுவிட்டது.

மறுபடியும் இரண்டு பெண்கள் என்று எழுதினேன். மூன்றாவது வாக்கியத்தில் ஒருத்தி மற்றவளிடம், சிரித்த முகத்தோடு, ஒரு பொய் சொன்னாள். அதன் பிறகுதான் பால் காய்ச்ச எழுந்தேன்.